டம்பார்ட்டன் டென்னி குடும்பம்: ஒரு கப்பல் பட்டறையின் எழுச்சியும் வீழ்ச்சியும்



என் பெரியப்பா 1942-இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். இரங்கூனில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் இரங்கூன்மேல் குண்டு போட ஆரம்பித்ததும், கையில் இருந்ததை மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே கிளம்பிவிட்டார். மோனிவா என்ற ஊரில் ஆற்றுக் கப்பலில் இடம் பிடித்து, சிந்துவின் ஆற்றில் கலேவா வரைக்கும் போய், அங்கிருந்து கால்நடையாகத் தாமு வழியாக மணிப்பூர் வந்து சேர்ந்தார். உடன் வந்தவர்களில் பலர் வழியிலேயே போய்விட்டார்கள். அந்தக் கதையை அவர் முழுதாகச் சொன்னதே இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் அடிக்கடி சொல்வார். கப்பலில் கூட்டம் நெருக்க, கால் நீட்ட இடமின்றிக் குந்தியிருந்தபோது அவர் கண்ணுக்கு நேரே ஒரு பித்தளைத் தகடு இருந்ததாம். அதில் 'டென்னி, டம்பார்ட்டன்' என்று எழுதியிருந்ததாம். "யாரோ டென்னியாம், எந்த ஊர்க்காரனோ தெரியாது. அவன் கட்டின கப்பல்தான் என்னைப் பாதி வழி கொண்டுவந்து விட்டது" என்பார்.

அந்தப் பெயர் என் மனத்தில் தங்கிவிட்டது. அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டியே காலம் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த டென்னி யாரென்று தேடிப் படிக்க நேரம் கிடைத்தது. படித்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

டம்பார்ட்டன் என்பது ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்கு மேற்கே உள்ள சிறிய ஊர். லெவன் என்ற சின்ன ஆறு அங்கே வந்து கிளைடு என்ற பெரிய ஆற்றில் கலக்கிறது. இரண்டும் கூடும் இடத்தில் ஒற்றைப் பாறைக் குன்று, அதன்மேல் பழைய கோட்டை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஊரோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 'மரி ஸ்துவார்' என்று நாங்கள் படித்த ஸ்காட்லாந்து அரசி மேரி, 1548-இல் சிறு குழந்தையாக பிரான்சு தேசத்துக்குக் கப்பலேறியது அந்தக் கோட்டையிலிருந்துதான்.

அந்தக் கோட்டையின் நிழலில் டென்னி குடும்பத்தார் மரக்கப்பல் கட்டிவந்தார்கள். அப்பா வில்லியம் டென்னி 1818-இல் கட்டிய 'ராப் ராய்' என்ற நீராவிக் கப்பல், கிரீனக் துறைக்கும் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டுக்கும் இடையே கடலில் ஓடியது. அதற்கு முன்பெல்லாம் நீராவிக் கப்பல் என்றால் ஆற்றிலும் கழிமுகத்திலும் ஓடுவது என்றுதான் வழக்கம். சில ஆண்டுகள் கழித்து அதே கப்பல் டோவருக்கும் பிரான்சின் கலேக்கும் இடையே ஓடியது. பிரெஞ்சு அரசு அதை வாங்கி 'ஆன்றி காத்ர்' என்று தங்கள் மன்னர் பெயரைச் சூட்டிக்கொண்டது. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்பாவின் தொழில் அவரோடு ஓய்ந்தது. பிள்ளைகள் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. விக்டோரியா பட்டத்துக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆன பின், 1844-இல் வில்லியம், அலெக்சாண்டர், பீட்டர் என்ற மூன்று சகோதரர்கள் 'டென்னி பிரதர்ஸ்' என்று ஆரம்பித்தார்கள். கப்பல் வரைவதில் மூத்தவர் வில்லியம் கெட்டிக்காரர். பீட்டருக்குப் பலம் கணக்கிலும் பேரத்திலும். அந்தக் காலத்தில் எல்லாரும் மரத்தை நம்பிக்கொண்டிருக்க, இவர்கள் இரும்புக் கப்பல் கட்டினார்கள். 1849-இலிருந்து 'வில்லியம் டென்னி அண்டு பிரதர்ஸ்' என்று பெயர். மூத்தவர் 1854-இல் இறந்துபோனார். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் பீட்டர்தான் எல்லாம். 1867-இல் தொழிலை லெவன் ஆற்றங்கரையிலேயே பெரிய தளத்துக்கு மாற்றினார்.

பீட்டரின் வழி என்ன? கப்பல் கட்டிக் கொடுப்பதோடு அவர் நிற்கவில்லை. கப்பல் வாங்கும் கம்பெனிகளிலேயே பங்கும் வாங்கினார். வாடிக்கையாளர் வளர்ந்தால் அவருக்கு இலாபத்தில் பங்கு, அடுத்த கப்பலுக்கு ஆர்டரும் இவருக்கே. நம்மூர் வியாபாரிகள் சம்பந்தம் பண்ணிக்கொண்டு கடையைப் பெருக்குவார்களே, அது போலத்தான். இந்தக் கயிறுதான் டென்னி குடும்பத்தை மேலே தூக்கியது. பின்னால் அதே கயிறு கீழே இழுத்ததையும் சொல்லப்போகிறேன்.

அந்த வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் நமக்கு வேண்டியவர்கள். ஒன்று, 'பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன்' கம்பெனி. நம் பெரியவர்கள் 'பி.ஐ. கப்பல்' என்பார்களே, அது. வில்லியம் மக்கினன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கி வளர்த்தது. அந்தக் கம்பெனிக்கு டென்னி தளம் வரிசையாகக் கப்பல்கள் கட்டியது. 1875-இல் கட்டிய ஒன்றின் பெயர் 'மெர்காரா', அதாவது நம் குடகு மடிக்கேரி. 1881-இல் கட்டிய 'குவெட்டா' 1890-இல் ஆஸ்திரேலியாவின் வடமுனையில் பாறையில் மோதி மூழ்கி 134 பேர் இறந்தார்கள்.

இரண்டாவது, என் பெரியப்பாவைச் சுமந்த கம்பெனி: 1865-இல் கிளாஸ்கோ வியாபாரிகள் தொடங்கிய 'ஐராவதி ஃப்ளோட்டில்லா'. பீட்டர் டென்னிக்கு அதில் பெரிய பங்கு. ஐராவதி ஆறு கோடையில் மணல் திட்டு திட்டாக வற்றும், மழைக்காலத்தில் கரை புரளும். அதில் ஓடும் கப்பல் நீளமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும், ஆனால் இடுப்பளவு, மார்பளவு தண்ணீரிலேயே மிதக்கவும் வேண்டும். அப்படிப்பட்ட தட்டையான கப்பலைக் கடல் வழியே ஆயிரக்கணக்கான மைல் ஓட்டிக்கொண்டு வருவது முடியாத காரியம். அதனால் டம்பார்ட்டனில் கப்பலை முதலில் மரையாணியால் தற்காலிகமாகப் பூட்டிப் பார்ப்பார்கள். சரியாக வந்ததும் ஒவ்வொரு தகட்டுக்கும் எண் போட்டு, கழற்றி, பெட்டியில் அடுக்கி இரங்கூனுக்கு அனுப்புவார்கள். இரங்கூனுக்கு எதிர்க்கரையில் டல்லா என்ற இடத்தில் கம்பெனியின் சொந்தத் துறை. அங்கே எண் பார்த்துப் பொருத்தித் தறையாணி அடித்து ஆற்றில் இறக்குவார்கள்.

சிறுவயதில் ழூல் வேர்ன் எழுதிய கடலடி நாவலைப் பிரெஞ்சில் படித்தபோது, கேப்டன் நேமோ தன் நீர்மூழ்கியின் பாகங்களை ஊருக்கு ஒன்றாகச் செய்யச்சொல்லி, யாருமற்ற தீவில் வைத்துப் பூட்டினார் என்று வரும். அது வெறும் கற்பனை என்று நினைத்திருந்தேன். அந்தப் புத்தகம் வந்த 1870 வாக்கிலேயே கிளைடு ஆற்றங்கரையில் அது சாதாரண வேலை!

ஐராவதிக் கப்பல்கள் நெல்லும் தேக்கும் ஆட்களும் மட்டும் சுமக்கவில்லை. 1885 நவம்பரில் ஆங்கிலேயர் மண்டலேயைப் பிடிக்கப் போனபோது படையை ஏற்றிப்போனவை இந்தக் கம்பெனியின் கப்பல்கள். பர்மாவின் கடைசி மன்னர் தீபாவை அரண்மனையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து ஏற்றியதும் இவர்களின் 'தூரியா' என்ற கப்பலில்தான். மன்னரை முதலில் நம் சென்னைக்குக் கொண்டுவந்து சில மாதம் வைத்திருந்து, பிறகு ரத்தினகிரிக்கு அனுப்பினார்கள். 1916-இல் அங்கேயே இறந்தார். டம்பார்ட்டன் தளத்துக்கு வந்த பணத்தில் இந்த வரவும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், வரவுப் பக்கத்தை மட்டும் படிப்பது சரியான தணிக்கை ஆகாது.

'கட்டி சார்க்' என்ற புகழ்பெற்ற தேயிலைக் கப்பலிலும் டென்னி கை உண்டு. அதைக் கட்ட ஒப்புக்கொண்டது டம்பார்ட்டனில் இருந்த ஸ்காட் அண்டு லின்டன் என்ற சிறு நிறுவனம். விலை 16,150 பவுண்டு. கப்பல் முதலாளி ஜான் வில்லிஸ் காசில் கறார்ப் பேர்வழி. அந்த விலையில் அவ்வளவு நல்ல கப்பல் கட்டமுடியாமல் சிறு நிறுவனம் நொடித்துப்போனது. 1869 நவம்பரில் தண்ணீரில் இறக்கிய அந்தக் கப்பலை முடித்துக் கொடுத்தது டென்னி தளம். இன்று கிரீன்விச்சில் அதைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள்.

இனி இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதரிடம் வருகிறேன். பீட்டரின் மகன், அவர் பெயரும் வில்லியம்தான். 1847-இல் பிறந்தவர், இருபத்தொரு வயதிலேயே தொழிலில் பங்காளி. அந்த நாளில் ஒரு கப்பல் எத்தனை வேகம் போகும் என்பதைப் பெரும்பாலும் மேஸ்திரியின் கண்ணளவிலும் அனுபவத்திலும்தான் சொல்வார்கள். கட்டி முடித்துத் தண்ணீரில் இறக்கி, அளந்து வைத்த ஒரு மைல் தூரத்தில் முழு வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். சொன்ன வேகம் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் வழக்கு. இளைய வில்லியம், ஒரே கப்பலை மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக என்று பல வேகங்களில் ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் எந்திரம் எவ்வளவு சக்தி தின்கிறது என்று குறித்துவைத்தார். அப்படிச் சோதித்த முதல் கப்பல்களில் ஒன்று நம் 'மெர்காரா'. அந்தக் கணக்குகளை மூடி வைக்காமல் மற்றவர்களுக்கும் கொடுத்தார்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர், மெழுகில் சிறு கப்பல் செய்து நீளமான தொட்டியில் இழுத்துப் பார்த்து, பெரிய கப்பலின் தடையைக் கணிக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். சூத்திரம் சுலபமானதுதான். இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் பொம்மைக் கப்பல் செய்தால், அசல் கப்பலின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் அதை இழுக்க வேண்டும். அப்போது பொம்மை எழுப்பும் அலையும் அசல் எழுப்பும் அலையும் ஒரே சாயலில் இருக்கும். ஃப்ரூட்டின் தொட்டி அரசுக் கடற்படைக்கானது. தனியார் யாரும் அந்தச் செலவுக்குத் துணியவில்லை. வில்லியம் டென்னி அப்பாவை ஒப்புக்கொள்ள வைத்து, 1883-இல் டம்பார்ட்டனில் சொந்தமாக ஒரு தொட்டி கட்டினார். வணிகக் கப்பல் தளம் ஒன்று தனக்கென்று கட்டிய முதல் சோதனைத் தொட்டி உலகத்தில் அதுதான். நீளம் ஏறத்தாழ 300 அடி, அகலம் 22 அடி. நம் கோயில் குளத்தை நீளவாக்கில் இழுத்துக் கூரை போட்டது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரூட் அதற்கு முன்பே 1879-இல் காலமாகிவிட்டார். அவருக்கு மரியாதையாக அவர் உருவத்தை அந்தக் கட்டடத்தின் முகப்பிலேயே பதித்தார்கள்.

அன்று முதல் டென்னி தளத்தால், "உங்களுக்கு இவ்வளவு வேகம் வேண்டுமா? இந்த உருவம், இவ்வளவு நிலக்கரி" என்று கட்டுவதற்கு முன்பே எழுதிக்கொடுக்க முடிந்தது. வேகம் குறைந்தால் அபராதம் என்ற ஒப்பந்தத்தில் மற்றவர்கள் தயங்கிக் கையெழுத்துப் போட, இவர்கள் துணிந்து போட்டார்கள். இரயில் நேரத்துக்கு ஓட வேண்டிய கால்வாய்க் கப்பல்களுக்கு இது பெரிய பலம்.

உலோகத்திலும் வில்லியம் முன்னால் நின்றார். இரும்பைவிட மெல்லிய தகட்டில் அதே வலு தரும் எஃகில் கப்பல் கட்டலாம் என்று வாதாடினார். நியூசிலாந்து கம்பெனி ஒன்றுக்காக 1879-இல் கட்டிய 'ரோட்டோமஹானா'தான் எஃகில் கட்டிய முதல் பெருங்கடல் வணிகக் கப்பல் என்று சொல்லப்படுகிறது. அதைத் தொடர்ந்து அட்லாண்டிக் கடலுக்கு ஓர் எஃகுக் கப்பல், பி. அண்டு ஓ. கம்பெனிக்கு ஒன்று. பத்தாண்டுக்குள் உலகமே எஃகுக்கு மாறிவிட்டது.

தொழிலாளிகளிடத்தில் அவர் செய்த ஒன்றை நான் மிக உயர்வாக நினைக்கிறேன். 1880-இல், தளத்தில் வேலை செய்யும் எவரும் வேலையை எளிதாக்கும், செலவைக் குறைக்கும் ஒரு யோசனை சொன்னால், ஒரு குழு அதை ஆராய்ந்து ரொக்கப் பரிசு தரும் என்று ஏற்பாடு செய்தார். தச்சரும் கொல்லரும் தறையாணி அடிப்பவரும் யோசனை சொன்னார்கள், பரிசும் வாங்கினார்கள். மறு ஆண்டு, வரைபடத்தை நகலெடுக்கும் வேலைக்குப் பெண்களை அமர்த்தினார். விக்டோரியா காலத்துக் கப்பல் தளத்தில் பெண்கள்! நான் பணியில் இருந்த ஆண்டுகளில், கீழே உள்ளவர் சொன்ன யோசனை மேலே உள்ளவர் பெயரில் கோப்பில் ஏறுவதை எத்தனையோ தடவை பார்த்தவன். அதனால்தான் இந்த மனிதரை எனக்குப் பிடிக்கிறது.

அப்படிப்பட்டவரின் முடிவு நல்லபடியாக இல்லை. ஐராவதியில் பலித்தது தென் அமெரிக்காவிலும் பலிக்கும் என்று டென்னி குடும்பம் அர்ஜென்டினாவில் லா பிளாட்டா ஆற்றுக் கப்பல் கம்பெனி ஒன்றில் பெரும் பணம் போட்டது. அதே பழைய வழிதான்: பங்கு வாங்கு, கப்பலை நீயே கட்டிக் கொடு. ஆனால் இந்த முறை ஆறு கைகொடுக்கவில்லை. நிலைமையைச் சரிசெய்ய வில்லியமே 1886-இல் அங்கே போனார். குடும்பத்தை விட்டுத் தனியே, உடலும் மனமும் தளர்ந்த நிலையில், 1887 மார்ச் மாதம் பியூனஸ் அயர்ஸ் நகரில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை.

தந்தை பீட்டருக்கு அப்போது அறுபத்தைந்து வயதுக்கு மேல். மகனையும் பணத்தையும் ஒன்றாக இழந்தவர், தளத்தை மூடிவிடவில்லை. மேலும் எட்டு ஆண்டுகள் இருந்து 1895-இல் காலமானார். ஊருக்குத் தலைவராக இருந்தவர். லெவன்குரோவ் என்ற பெரிய பூங்காவை இன்னொரு கப்பல் முதலாளியோடு சேர்ந்து வாங்கி ஊர் மக்களுக்குக் கொடுத்தவர். டம்பார்ட்டனில் அவர் சிலை இன்றும் நிற்கிறது.

விக்டோரியா அரசி 1901 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டில் டென்னி தளம் தன் பெரிய வெற்றியைக் கண்டது. சார்ல்ஸ் பார்சன்ஸ் கண்டுபிடித்த நீராவிச் சுழலியைக் கடற்படைக் கப்பல்களில் மட்டும் பொருத்திப் பார்த்திருந்தார்கள். பார்சன்ஸ், ஜான் வில்லியம்சன் என்ற கப்பல் முதலாளி, டென்னி என மூவரும் சேர்ந்து துணிந்து 'கிங் எட்வர்ட்' என்ற பயணிகள் கப்பலில் அதைப் பூட்டினார்கள். உலகிலேயே சுழலி பூட்டிய முதல் வணிகப் பயணிகள் கப்பல் அது. மணிக்கு இருபது கடல்மைலுக்கு மேல், அதிர்வே இல்லாமல் ஓடியது. 1903-இல் டோவருக்கும் கலேக்கும் இடையே ஓடிய முதல் சுழலிக் கப்பல் 'தி குயின்'. அதுவும் இவர்கள் கட்டியது. 85 ஆண்டுகளுக்கு முன் தாத்தா கட்டிய 'ராப் ராய்' பிற்காலத்தில் ஓடிய அதே கால்வாய் வழி.

அடுத்த தலைமுறையில் பீட்டரின் இன்னொரு மகன் ஆர்ச்சிபால்டும், அவருக்குப் பின் மாரிஸ் டென்னியும் தளத்தை நடத்தினார்கள். புதுமை மோகம் குறையவில்லை. விமானமே தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் மம்ஃபோர்டு என்ற தங்கள் ஊழியரோடு ஹெலிகாப்டர் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். 1930-களில் எடின்பரோ நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து, கப்பல் பக்கவாட்டில் ஆடாமலிருக்க மீனின் செதில்போல நீட்டி மடக்கும் துடுப்பைச் செய்தார்கள். இன்றைக்குச் சொகுசுக் கப்பலில் போய் வாந்தியெடுக்காமல் திரும்புகிறவர்கள் இவர்களுக்கு நன்றி சொல்லலாம். உலகப் போரின்போது போர்க்கப்பல்களும் கட்டினார்கள். அவற்றுள் 1940-இல் இறக்கிய 'சட்லெஜ்', 'ஜம்னா' இரண்டும் இந்தியக் கடற்படைக்குச் சேர்ந்தவை. சுதந்திரத்துக்குப் பிறகும் அவை நம் கொடியோடு ஓடின, பின்னர் கடலளவைப் பணியும் செய்தன.

அப்படியானால் வீழ்ச்சி எப்படி வந்தது?

முதல் அடி பர்மாவில் விழுந்தது. 1942-இல் ஜப்பானியர் நெருங்கியபோது, கப்பல்கள் எதிரி கையில் சிக்கக்கூடாது என்று ஐராவதி கம்பெனி தன் கப்பல்களைத் தானே துளையிட்டு ஆற்றில் மூழ்கடித்தது. அறுநூறுக்கு மேற்பட்ட கலங்கள் கொண்ட, உலகத்திலேயே பெரிய ஆற்றுக் கப்பல் கூட்டம் என்று பேரெடுத்தது, சில வாரங்களில் ஆற்றின் அடிக்குப் போனது. என் பெரியப்பா ஏறி வந்த கப்பலும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். எண் போட்டுப் பெட்டியில் வந்த தகடுகள் சேற்றில் புதைந்தன. 1948-இல் சுதந்திர பர்மா அந்தக் கம்பெனியை நாட்டுடைமை ஆக்கியது. எண்பது ஆண்டு வாடிக்கை அதோடு அற்றுப்போனது.

மற்ற வாடிக்கைகளும் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பி.ஐ. போன்ற கம்பெனிகள் சாம்ராஜ்யம் இருந்தவரை சிப்பாயையும் கூலியாளையும் அதிகாரியையும் ஏற்றி இறக்கிப் பிழைத்தவை. சாம்ராஜ்யம் போயிற்று, விமானம் வந்தது. இங்கிலாந்தின் இரயில்வே கம்பெனிகள் பல இருந்து பல ஆர்டர் கொடுத்தன. 1948-இல் அவை எல்லாம் அரசுடைமையாகி ஒரே வாடிக்கையாளர் ஆகிவிட்டார்கள். அவர்களுக்காக 1949-இல் 'மெய்ட் ஆஃப் ஆர்லியன்ஸ்' என்ற கால்வாய்க் கப்பலைக் கட்டினார்கள். நம் பள்ளிப் பாடத்து ழான் தார்க் பெயர்தான்.

1953 ஜனவரி 31 அன்று இன்னொரு பெரிய துக்கம். டென்னி தளம் 1947-இல் கட்டிய 'பிரின்சஸ் விக்டோரியா', ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்துக்குப் போகும் வழியில் கடும் புயலில் சிக்கியது. மோட்டார் வண்டிகள் ஏறுவதற்காகப் பின்புறம் வைத்த கதவை அலை உடைத்தது. புகுந்த தண்ணீர் வடிய வழி போதவில்லை. 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கப்பலின் உருவத்தை எத்தனை முறை தொட்டியில் இழுத்துப் பார்த்தாலும், ஒரு கதவு எத்தனை பெரிய அலையைத் தாங்கும் என்பதை அந்தத் தொட்டி சொல்லவில்லை.

இதற்கிடையில் உலகம் பெரிய எண்ணெய்க் கப்பல்களைக் கேட்டது. லெவன் ஆறு குறுகியது. அதில் இறக்கக்கூடிய கப்பலின் அளவுக்கு எல்லை உண்டு. பீட்டர் 1867-இல் தேர்ந்தெடுத்த இடம், அவர் காலத்துக் கப்பல்களுக்குப் போதும். பேரன்மார் காலத்துக்குப் போதவில்லை. 1956-இல் ஜப்பான் கப்பல் கட்டுவதில் பிரிட்டனை முந்தியது. டென்னி போன்ற தளங்கள் ஒவ்வொரு கப்பலையும் தனித்தனியே, வாடிக்கையாளர் சொல்கிறபடி, கைவேலையாகச் செய்தன. ஜப்பானியர் ஒரே அச்சில் வரிசையாகச் செய்து, குறைந்த விலைக்கு, சொன்ன தேதியில் கொடுத்தார்கள். விலையை முன்னமே ஒப்பந்தத்தில் கட்டிவிட்டு, கூலியும் எஃகும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது தனிக் குடும்பம் நடத்தும் தொழிலுக்குக் கட்டாது.

அப்போதும் டென்னிகள் புதுமையைத்தான் நம்பினார்கள். காற்று மெத்தையில் மிதந்தோடும் ஹோவர் கப்பலைப் பயணிகளுக்காகச் செய்து, தேம்ஸ் ஆற்றில் ஓட்டிக் காட்டினார்கள். பணம் கரைந்ததே தவிர ஆர்டர் வரவில்லை. 1962-இல் நியூசிலாந்துக்காக 'அரமோவானா' என்ற இரயில் பெட்டி ஏற்றும் கப்பலைக் கட்டி அனுப்பினார்கள். 1879-இல் எஃகுக் கப்பல் கேட்டு எழுதிய அதே தேசம் கடைசிவரைக்கும் கைவிடவில்லை. ஆனால் ஒரு வாடிக்கையாளர் போதாதே. 1963-இல் டென்னி தளம் கணக்கை முடித்து மூடப்பட்டது. 119 ஆண்டுகளில் கட்டிய கப்பல்கள் ஏறத்தாழ 1,500.

இதைப் படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். பெரும்பாலும் நாம் குடும்பத் தொழில் நொடித்தது என்றால், "பிள்ளைகள் சரியில்லை, சொத்தைத் தின்றுவிட்டார்கள்" என்று முடித்துவிடுவோம். டென்னி வீட்டில் அப்படி இல்லை. நான்கு தலைமுறையும் உழைத்தவர்கள், படித்தவர்கள், சோதித்துப் பார்க்காமல் எதையும் செய்யாதவர்கள். பீட்டர் சில கம்பெனிகளோடு, சில ஆறுகளோடு, ஒரு சாம்ராஜ்யத்தோடு தன் தளத்தை இறுகக் கட்டினார். அவை ஏறும்போது இவர்களும் ஏறினார்கள். அவை முழுகும்போது கயிற்றை அறுக்க இவர்களிடம் வேறு கரை இல்லை. 1887-இல் பியூனஸ் அயர்ஸில் நடந்தது அதற்கு முன்னறிவிப்பு என்றே நினைக்கிறேன். அந்தப் பாடத்தை மட்டும் அவர்கள் படிக்கவில்லை.

இன்று டம்பார்ட்டனில் அந்தத் தளம் இல்லை. ஆனால் இளைய வில்லியம் கட்டிய தொட்டி இருக்கிறது. தளம் மூடிய பிறகும் வேறு நிறுவனம் சில ஆண்டுகள் அதைப் பயன்படுத்தியது. 1980-களிலிருந்து அது ஸ்காட்லாந்துக் கடல்சார் அருங்காட்சியகத்தின் பகுதி. தண்ணீர் இன்னும் நிறைந்திருக்கிறது. மெழுகுக் கப்பல் செய்யும் மேசையும் அதைச் செதுக்கும் இயந்திரமும் இருக்கின்றன. ஆயிரத்து ஐந்நூறு கப்பலில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒரு பைசா நேரடி இலாபம் தராது என்று மற்ற முதலாளிகள் ஒதுக்கிய அந்தத் தொட்டி மட்டும் முழுசாக இருக்கிறது.

பெரியப்பா 1970-களில் காலமானார். அவரிடம் இதையெல்லாம் சொல்ல முடிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். "அந்தப் பிள்ளை வில்லியமா அப்படிப் போனான்?" என்று கேட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்திருப்பார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது பர்மாவில் இருந்து ஐராவதிக் கப்பலில் வந்தவர்கள் என்றால், அவர்கள் சொன்னதை மறக்காமல் எழுதி வையுங்கள். கப்பலின் பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கும் சொல்லுங்கள்.